எங்கள் காய்ச்சலுக்கு அவர்கள் தெருவில் புகை

இன்று காலை எங்கள் ஒழுங்கைக்குள் புகை அடிக்கிறவர்கள் வந்தார்கள். நுளம்புக்கு அடிக்கிற புகைதான். அந்த இயந்திரத்தின் சத்தம் சந்தியில் கேட்டதுமே யன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டன. மாமி கறிச்சட்டியை மூடினார், கொடியில் கிடந்த உடுப்புகளை அள்ளினார், என் மகளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடினார். "நீங்களும் வாங்கோ மகள், மூச்சு முட்டப் போகுது" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார். புகைக்காரர் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "கதவுகளைத் திறந்து விடுங்கோ, உள்ளுக்குப் போனாத்தான் நுளம்பு சாகும்" என்று கத்திக்கொண்டு வந்தார். நான் கலியாணம் கட்டி வந்த இந்த எருக்கலம்பிட்டியில் அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் இருக்கிற கதவையெல்லாம் அகலத் திறந்துவிட்டு நடுவில் நின்றேன். மத்தியானம் வரை மாமி என்னோடு கதைக்கவில்லை.

டீசலும் மருந்தும் கலந்த அந்த மணம் மற்றவர்களுக்கு இருமலைக் கொண்டுவரும். எனக்குப் பொறாமையைக் கொண்டுவரும். சிரிக்காதீர்கள். மல்லிகை மணத்தில் கலியாண வீடு ஞாபகம் வருகிறவர்கள் இருக்கிறார்கள், மருந்துப் புகையில் வயிறு எரிகிறவளும் ஒருத்தி இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பிடித்த எரிச்சல் அது. ஒரு தெருவின் மேல் பிடித்தது. தெருவின் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்பீர்கள். நான் பட்டேன்.

அந்தத் தெருவுக்கு மணல் தெரு என்று பெயர். மன்னார் டவுனுக்குள் கொஞ்சம் மேடான இடம். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீரை மண் உறிஞ்சிவிடும், மழை விட்ட கையோடு பிள்ளைகள் சைக்கிள் ஓட்டலாம். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர். குழாயில் வராத நாட்களுக்கு நல்ல தண்ணீர்க் கிணறு. குப்பை வண்டி மணியடித்துக்கொண்டு வாசலுக்கு வரும். இருந்தவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர். அதில் ஒரு வீட்டில் என்னோடு படித்த நிரோஷி இருந்தாள்.

நாங்கள் இருந்தது நிரவலில். கடலேரி ஓரத்தில் டவுன் குப்பையைக் கொட்டி, மேலே மண்ணைப் போட்டு நிரவி எடுத்த காணி என்பதால் அந்தப் பெயர். வேலிக்குக் கம்பு நட ஒரு முழம் தோண்டினால் பழைய ஷொப்பிங் பையும் செருப்பும் வெளியே வரும். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் முஸ்லிம்கள். தொண்ணூறில், சண்டைக்காலத்தில், இயக்கக்காரர் எங்கள் சனத்தை மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது உம்மாவும் வாப்பாவும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். புத்தளத்து முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டி, அங்கேயே என்னைப் பெற்றார்கள். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பினால், போகும்போது ஒரு குடும்பமாகப் போன வாப்பாவின் வீட்டுக்கு ஐந்து குடும்பமாக வந்து நிற்கிறோம். மூத்தவர்களுக்குப் பழைய வீடு, இளையவர்களுக்கு நிரவல் என்று ஆயிற்று. ஒவ்வொரு குடும்பத்திலும் இதே கதை. இன்னார் இங்கே, இன்னார் அங்கே என்று யாரும் கோடு கிழிக்கவில்லை. ஆனால் கோடு கிழித்தால்கூட அவ்வளவு நேராக விழுந்திருக்காது. மணல் தெருவுக்குப் போன தண்ணீர்க் குழாய் எங்கள் திருப்பத்தோடு நின்றது.

குழாய் இல்லாதபடியால் எங்களுக்குப் பவுசர், தண்ணீர் வண்டி. அது வருகிற நாள் யாருக்கும் தெரியாது. வந்தால் பிடித்து வைக்க வேண்டும். அதனால் வாசலுக்கு வாசல் நீலப் பிளாஸ்டிக் பரல்கள், குடங்கள், பழைய பெயின்ற் வாளிகள். டெங்கு நுளம்பு சாக்கடையில் குடியிருக்காது, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று பிறகு பள்ளிக்கூடத்தில் படித்தேன். எங்களிடம் நல்ல தண்ணீர் இருந்த ஒரே இடம் அந்தப் பரல்தான். அதையும் நுளம்புக்குத்தான் கொடுத்திருக்கிறோம். நிரவலில் இருமல் இல்லாத வீடு கிடையாது. காலில் புண் இல்லாத பிள்ளையும் கிடையாது. கடித்த இடத்தைச் சொறிந்து, சொறிந்த இடத்தில் அந்த உப்புச் சேறு பட்டு, ஒன்று ஆறமுன் இன்னொன்று வரும்.

இனி விலாசத்தின் கதைக்கு வருகிறேன். நிரவலில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று விலாசங்கள் இருந்தன. வோட்டுக்குப் புத்தளத்து விலாசம். படுத்து எழும்ப நிரவல். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு வேறு யாருடையதாவது. டவுனில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஒழுங்காக வாத்திமார் இருந்த பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டுமென்றால் வீடு பக்கத்தில் இருக்கவேண்டும். நிரவல் அந்த எல்லைக்கு வெளியே. ஆகவே எல்லைக்கு உள்ளே தெரிந்தவர்கள் யாரென்று தேடிப் பிடிப்பார்கள். இதை யாரும் களவு என்று நினைக்கவில்லை. பக்கத்து வீட்டில் உரல் இரவல் வாங்குகிற மாதிரி விலாசம் வாங்குவோம்.

எனக்கு விலாசம் கொடுத்தவர் நிரோஷியின் அம்மா, பிலோமினா அன்ரி. வெளியேற்றத்துக்கு முன், அன்ரி மணல் தெருவுக்குப் போகாத காலத்தில், உம்மாவும் அவரும் அடுத்தடுத்த வீடு. ஒரே மாதத்தில் பிறந்தவர்கள், ஒரே கிணற்றில் குளித்தவர்கள். ஊர் திரும்பிய புதிதில் உம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மணல் தெருவுக்குப் போனார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுது முடிந்து, தேத்தண்ணி குடித்து, பிறகுதான் பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தார்கள்.

"எங்கட நம்பரக் குடு ஹசீனா. ஆர் வந்து பாக்கப் போறான்?" என்றார் அன்ரி.

"நாளைக்கு உனக்கு ஏதும் கரச்சல் வந்தா?"

"வந்தா சொல்லுவன், இவள் என்ர பிள்ளைதான், முக்காடு போட்டிருக்கிறாள் எண்டு. நீ சும்மா இரு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் மணல் தெருக்காரி. ஆனால் உம்மா லேசில் விடுகிறவர் இல்லை. யாராவது கேட்டால் நான் தடுமாறக் கூடாது என்று வீட்டில் பரீட்சை வைத்தார். மா இடித்துக்கொண்டே கேட்பார்.

"கேற் என்ன நிறம்?"

"பச்சை."

"கிணறு?"

"வீட்டுக்குப் பின்னால, வலக்கைப் பக்கம்."

"வாசல்ல என்ன மரம்?"

"ஜாம் மரம். கட்டிப் போட்ட நாய், பேர் டொமி."

"நாயச் சொல்லாத! எங்கட ஆக்கள் நாய் வளக்கிறேல்லண்டு டீச்சருக்குத் தெரியும்."

அப்படியாக நாயை நீக்கினோம். முன்னறையில் இருந்த மாதா சுரூபத்தையும் நீக்கச் சொன்னார். இதில் என்ன பிரச்சினை என்றால், ஒரு வீட்டை இவ்வளவு பாடமாக்கினால் அது மனதுக்குள் கட்டி எழும்பிவிடும். ஈரச் சுவரோரத்தில், பாயில் படுத்துக்கொண்டு நான் அந்த வீட்டுக்குள் நடப்பேன். பச்சைக் கேற்றைத் திறப்பேன். குழாயைத் திருகி முகம் கழுவுவேன். யன்னலோரக் கட்டிலில் படுப்பேன். அது நிரோஷியின் கட்டில். நாயை நீக்கியது போல, சுரூபத்தை நீக்கியது போல, போகப் போக நிரோஷியையும் அந்த வீட்டிலிருந்து நீக்கிவிட்டேன். வீடு மிகவும் வசதியாக இருந்தது.

நிரோஷி கெட்டவள் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் ஒழுங்காக வெறுத்திருக்கலாம். இடைவேளையில் பாதிப் பாணைப் பிய்த்துத் தருவாள். ஆனால் அவளுடைய கால்கள்! வெள்ளைப் பாவாடைக்குக் கீழே ஒரு தழும்பு இல்லாத கால்கள். நான் முழுக் காற்சட்டை போடுகிறபடியால் என் புண்களை யாரும் காணவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்தானே. வருட முடிவில் ஒரு நாளும் லீவு எடுக்காத பிள்ளைக்கு மேடையில் சாப்பாட்டுப் பெட்டி கொடுப்பார்கள். அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு இறங்கி வருவாள். என்னவோ தான் முயற்சி செய்து நோய் வருத்தம் வராமல் பார்த்துக்கொண்டவள் போல எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் தட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. காய்ச்சலும் வயிற்றோட்டமுமாக நான் அந்தத் தவணையில் பாதி நாள் பாயில் கிடந்தேன். விஞ்ஞானத்தில் அவளைவிட எனக்குத்தான் புள்ளி கூட. அதற்குப் பெட்டி இல்லை.

அந்த மாரி மழையில் எனக்கு டெங்கு வந்தது. கண்ணுக்குப் பின்னால் ஊசி குத்துவது போல நோ, எலும்பெல்லாம் உளைவு. வாப்பா மீன் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு சைக்கிளில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வாசலில் விலாசம் கேட்டார்கள். உம்மா கொஞ்சமும் யோசிக்காமல் மணல் தெரு இலக்கத்தைச் சொன்னார். ஏனென்றால் நீண்ட லீவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆஸ்பத்திரித் துண்டு கேட்பார்கள், அதில் வேறு விலாசம் இருந்தால் பிடிபடுவோம். நிரவலில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சொன்னதை ஆஸ்பத்திரிக்கும் சொல்ல வேண்டும், கிளினிக்குக்கும் சொல்ல வேண்டும்.

டெங்கு என்று உறுதியானால் ஆஸ்பத்திரியிலிருந்து சுகாதாரப் பரிசோதகருக்கு, பி.எச்.ஐ.க்கு, அறிவிப்பார்கள். அவர் நோயாளியின் வீட்டைத் தேடிப் போய் நுளம்பு பெருகுகிற இடங்களைப் பார்த்து, அந்தச் சுற்றுக்கு மருந்துப் புகை அடிப்பிப்பார். என் காய்ச்சலுக்கு அவர் எங்கே போயிருப்பார் என்று இப்போது உங்களுக்கே விளங்கும்.

நிரோஷி தோடம்பழத்தோடு ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்து முறைப்பாடு சொன்னாள். "உன்னாலதான்டி. எங்கட வீடு முழுக்கப் புகை. டொமி தும்மிக்கொண்டே திரியுது. அந்த பி.எச்.ஐ. வந்து, வருத்தக்காரப் பிள்ளை படுக்கிற இடம் எது எண்டு கேட்டவர். அம்மா என்ர கட்டிலக் காட்டினவா. கட்டிலுக்குக் கீழ டோர்ச் அடிச்சுப் பாத்திட்டு ஒரு நுளம்பு வலை தந்திட்டுப் போனவர்."

கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, எனக்குக் காய்ச்சல் இன்னொரு பாகை ஏறியது. நுளம்பு கடித்தது என்னை. எலும்பு உளைந்தது எனக்கு. புகையும் வலையும் அவளுக்கு! என் வருத்தத்தைக்கூட அவளுடைய தெரு எடுத்துக்கொண்டது. அவளோ மற்றவர்கள் எனக்குக் கொண்டுவந்த பழங்களைப் பார்த்து, "உனக்கு மட்டும் எல்லாரும் சாமான் கொண்டு வருகினம்" என்று பெருமூச்சு விட்டாள்.

பிலோமினா அன்ரி நல்ல மனுசி. வலையை மடித்து எங்களுக்கே கொடுத்தனுப்பினார். அது நாலு கால் கட்டிலுக்கான வலை. எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது. உம்மா கயிறு கட்டி, ஆணி அடித்து, எப்படியோ அதைத் தம்பியின் பாய்க்கு மேல் தொங்கவிட்டார். ஆனால் அந்த நுளம்பு பகலில் கடிக்கிற சாதி. பகலில் ஐந்து வயதுப் பிள்ளையை யார் வலைக்குள் வைத்திருப்பது?

மழை விடவில்லை. நிரவலில் ஒவ்வொரு வீடாகக் காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு வீடும் தன் தன் இரவல் விலாசத்தைச் சொன்னது. மணல் தெருவிலும் அதற்கு அடுத்த தெருவிலும் புகை அடித்த வண்ணம் இருந்தார்கள். வாகனம் எங்கள் திருப்பத்தைக் கடந்து போவதை நாங்கள் வேலியில் சாய்ந்து நின்று பார்ப்போம். திருவிழாவுக்குச் சப்பறம் போவதைப் பார்க்கிற மாதிரி. வாப்பா பொறுக்க முடியாமல் ஒருநாள் பி.எச்.ஐ.யிடம் கேட்கப் போனார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே உம்மாவிடம் சொன்னார்.

"அவர் சொல்றார், உங்கட பக்கம் இந்த வரியம் ஒரு கேஸும் இல்லையே, நீங்கள் நல்லா சுத்தமா வச்சிருக்கிறீங்கள் எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? ஓம் சேர் எண்டுட்டு வந்தனான்."

உம்மா சிரித்தார். வாப்பாவும் சிரித்தார். பக்கத்துக் குடிசையில் யாருடைய பிள்ளையோ வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. மன்னாரிலேயே சுகமான இடம் நாங்கள் இருந்த இடம்தான்.

பிறகு தம்பி விழுந்தான். ஷிபான் என்று பெயர். எனக்கு வந்ததைவிட மோசம். பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. வயிறு ஊதிவிட்டது. பப்பாசி இலைச் சாறு, துஆ ஓதல், எல்லாம் நடந்தது. வாட்டில் இருந்த டொக்டர் அம்மா உம்மாவைத் தனியே கூப்பிட்டார். நான் உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"மகனைப் பாத்துக்கொள்ளுவம். இந்த மகளுக்கும் முதல் வந்ததுதானே? இவவுக்கு இன்னொரு தரம் வந்தா லேசில்லை அம்மா. முதல் தரத்தவிட ரெண்டாந்தரம் ஆபத்து. வீட்டைச் சுத்தி நுளம்பு இல்லாமப் பாருங்கோ. புகை அடிச்சவையா?"

"அடிச்சவங்க" என்றார் உம்மா. அடித்ததுதானே, மணல் தெருவில்.

தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உம்மா நெடுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் தம்பிக்காகக் கவலைப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "உன்ர பள்ளிக்கூடம் போனாப் பரவாயில்லையா?" என்று கேட்டார். நான் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "போகாது" என்றேன். எனக்கு விஞ்ஞானப் பாடம் என்றால் உயிர். டொக்டர் அம்மாவின் கழுத்தில் கிடந்த அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

உம்மா உண்மையான விலாசத்தைச் சொல்லப் போகிற செய்தி எப்படியோ நிரவலுக்குப் போய்விட்டது. நாங்கள் வீட்டுக்கு வரமுன் ரிஸானா லாத்தா வாசலில் நின்றார். எங்களுக்கு அடுத்த வீடு. அவருடைய மகள் ஸஃப்ராவும் என் பள்ளிக்கூடம்தான், வேறொரு இரவல் விலாசத்தில்.

"ஹசீனா, உங்கட புள்ளைகளுக்காக எங்கட புள்ளைகளிட படிப்பக் கெடுக்கப் போறீங்களா? ஒண்டு வெளியால வந்தா மத்ததெல்லாம் வரும்."

"உங்கட பேரச் சொல்ல மாட்டன்."

"சொல்லாட்டியும் விளங்காதா அவங்களுக்கு? கொஞ்சம் பொறுங்கோ. இன்ஷா அல்லாஹ் மழை நிண்டுடும்."

"மழை நிக்கிறதுக்குள்ள இவளுக்கு வந்தா?" என்று உம்மா என் தலையில் கையை வைத்தார். "முதல் தரம் வராத புள்ளை வச்சிருக்கிறவங்க பொறுங்கோ. என்னால ஏலாது."

அடுத்த நாளே உம்மா தனியாகப் போய் பி.எச்.ஐ.யைக் கண்டார். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது நிரவலில், மணல் தெருவில் இல்லை, வந்து பாருங்கோ என்று சொன்னார். வேறு யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அந்த மனிதர் வந்தார். பரல்களுக்குள் டோர்ச் அடித்தார். உள்ளே புழு நெளிந்த நெளிவைப் பார்த்துவிட்டுக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். பின்னேரம் புகை வந்தது.

நிரவலுக்குள் முதல் முதலாகப் புகை வந்த பின்னேரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். யாரும் கதவைச் சாத்தவில்லை. பெண்கள் பாயைத் தூக்கிப் பிடித்தார்கள், அதன் அடிக்கும் அடியுங்கோ என்று. பிள்ளைகள் புகைக்குள் ஓடி ஒளிந்து விளையாடினார்கள். உம்மா வாசற்படியில் நின்று, வாயைச் சீலையால் பொத்திக்கொண்டு, இருமி இருமிச் சிரித்தார். பிறகு பரல்களுக்கு மூடி வந்தது. குப்பையை வந்து அள்ளினார்கள். தம்பி பிழைத்து, கோழிக்குஞ்சு போல மெலிந்து, வீட்டுக்கு வந்தான். எனக்கு இரண்டாம் தரம் வரவேயில்லை.

பள்ளிக்கூடம் போனது. காய்ச்சல் கண்ட பிள்ளை படிக்கிற இடத்தையும் பார்க்க வேண்டும் என்று அந்த பி.எச்.ஐ. அங்கே போய், நிரவல் பிள்ளை எது என்று கேட்டிருக்கிறார். டீச்சர் எனக்கு மணல் தெரு என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். பிறகு அதிபர் உம்மாவைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார், சட்டம் இப்படி என்று. அடுத்த தவணையிலிருந்து நான் வேறு பள்ளிக்கூடம். அங்கே விஞ்ஞானத்துக்கு வந்த வாத்தியார் இடமாற்றம் கேட்டு எழுதுவதிலேயே வருடத்தைக் கழித்தார். நான் கடைசியில் கலைப் பிரிவில் படித்து, இப்போது ஒரு கந்தோரில் இருந்து கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

நிரோஷியின் மேல் எனக்கிருந்த பொறாமை இதற்குப் பிறகு பெருத்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அது ஸஃப்ராவின் மேல் போய் விழுந்தது. யோசித்துப் பாருங்கள். என் உம்மா சொன்ன உண்மையால் வந்த புகை, எங்கள் வீட்டோடு நிற்காமல் அவள் வீட்டுக்குள்ளும் போனது. அவளுடைய பரலுக்கும் மூடி வந்தது. அவளுடைய உம்மா சொன்ன பொய்யால் அவளுக்குப் பள்ளிக்கூடமும் நிலைத்தது. இரண்டும் அவளுக்கு! ஒருவரும் அவளைத் தேடிப் போகவில்லை. அவள் இப்போது ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை செய்கிறாள். வெள்ளைக் கோட்டுப் போட்டு, சிரித்த முகமாக, "வாங்கோ, எப்பிடிச் சுகம்?" என்று கேட்பாள். நானும் நல்ல சுகம் என்பேன். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வேன்.

உம்மாவோடு நான் எத்தனை தரம் சண்டை போட்டிருப்பேன்! ரிஸானா லாத்தா மாதிரிப் பொறுத்திருந்தால் என்ன, எனக்குத்தான் பிறகு காய்ச்சலே வரவில்லையே, சும்மா கிடந்த படிப்பைக் கெடுத்தீங்களே என்று. காய்ச்சல் வராததற்குக் காரணம் அந்தப் புகையாக இருக்கலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தால் மட்டும் எரிச்சல் ஆறிவிடுமா? பரீட்சை மறுமொழி வந்த நாள், கையில் கிடந்த கோப்பையை நிலத்தில் அடித்துவிட்டுக் கத்தினேன். உம்மா கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு சொன்னார்.

"கத்து மகள். கத்துறதுக்கு நீ இருக்கிறாய்தானே."

எனக்கு அப்போது அது இன்னும் கோபத்தைத்தான் தந்தது.

நிரவல் இப்போது இல்லை. கொஞ்ச வருடத்துக்கு முன் எங்களை எழுப்பி, டவுனிலிருந்து தூரத்தில் வீட்டுத்திட்டம் ஒன்றில் இருத்தினார்கள். கடலேரி ஓரத்தை அழகுபடுத்தப் போகிறார்களாம். உம்மா அந்தப் புது வீட்டுச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கக்கூடக் காத்திருக்கவில்லை. நிரவலின் ஈரமும், குப்பை எரிக்கிற புகையும், அடுப்புப் புகையும் நெஞ்சுக்குள் போய் மூச்சு இழுக்கிற தொய்வு வருத்தமாக இருந்துவிட்டன. கடைசி வருடத்தில் பாயிலிருந்து குசினிக்குப் போவதற்குள் நடுவில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "ஒண்டுமில்ல, கொஞ்சம் பொறு" என்று கையைக் காட்டுவார். ஐம்பது வயது காணாமல் மௌத்தாகிப் போனார். ஜனாஸாவுக்கு பிலோமினா அன்ரி வந்து, வாசலில் விழுந்து அழுத அழுகைக்கு எங்கள் ஆட்களே பயந்துவிட்டார்கள்.

போன கிழமை கந்தோர் விட்டு பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கடலேரிப் பக்கம் போனேன். நிரவல் இருந்த இடம் முழுக்க மண் நிரப்பி உயர்த்தி, சிவப்புக் கல் பதித்து, நடைபாதை போட்டிருக்கிறார்கள். விளக்குக் கம்பங்கள், உட்கார வாங்குகள், கையைக் காலை ஆட்டுகிற இரும்புச் சாமான்கள். பின்னேரங்களில் டவுன் ஆட்கள் சுகத்துக்காக அங்கே நடக்கிறார்கள். சீனி வருத்தம், பிரஷர், கொழுப்பு எல்லாவற்றுக்கும் நல்லதாம் அந்தக் காற்று. பெரும்பாலும் மணல் தெரு ஆட்கள். நாங்கள் எழும்பிப் போன பிறகு அந்தக் காற்று நல்ல காற்றாகிவிட்டது.

பிலோமினா அன்ரி வெள்ளைக் கன்வஸ் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வீசி நடந்து வந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஹசீனாட முகமே உனக்கு. அவள் இருந்திருந்தா இழுத்துக்கொண்டு வந்திருப்பன், ஒவ்வொரு நாளும். வா பிள்ளை, ஒரு சுத்து என்னோட நட."

நடந்தேன். நிரோஷிக்குக் கொழும்பில் வங்கியில் வேலை, போன மாதம் பிள்ளை பிறந்திருக்கிறது, நல்ல நிறை என்று ஒரு மூச்சில் சொல்லிக்கொண்டே போனார். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு அவருடைய நடைக்கு ஈடுகொடுக்கப் பார்த்தேன். வளைவுக்குப் போகமுன் எனக்கு நெஞ்சு அடைத்தது. என்னுடைய வயதுக்கு இரண்டு மடங்கு அவருக்கு. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"என்ன பிள்ளை, இந்த வயசில?" என்று அன்ரி பயந்துபோய் என்னைப் பிடித்து வாங்கில் இருத்தினார். முதுகைத் தடவினார், தண்ணீர்ப் போத்தலைத் தந்தார். என் மூச்சு சரியாகும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு, "நீ இரு மகள், நான் இன்னொரு சுத்து போட்டிட்டு வாறன்" என்றார்.

நான் அந்தப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்திருந்தேன். என் உம்மாவின் வயதுதான் அந்தக் கால்களுக்கும். எங்கும் பிடித்துக்கொண்டு நிற்காமல் அவை போய்க்கொண்டிருந்தன. என் வயிறு எரிந்தது.